8 சதவீதப் பெட்ரோல்: முழு த்ராட்டில் மிக்சரை எந்த வழியில் திருத்துவது?

கேள்வி ஒன்றுதான், கேட்கிற விதம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. "ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்டதிலிருந்து 4,500-க்கு மேல் இழுவை செத்துப்போகிறது, ஜெட் மாற்றினால் போதுமா?" என்கிறார் ஒருவர். "பழைய எம்பிஎஃப்ஐ வண்டி, பிக்கிபேக் போடலாமா அல்லது தனி ஈசியூவுக்கே போய்விடலாமா?" என்று இன்னொருவர். "ரீமேப் செய்தால் எல்லாம் சரியாகிவிடுமாமே?" என்பது மூன்றாமவர். மூன்று பேருக்கும் வேண்டியது ஒன்றே: ஆக்சிலரேட்டரை அடிவரை அமுக்கும்போது இன்ஜினுக்குள் போகும் பெட்ரோலும் காற்றும் சரியான விகிதத்தில் இருக்க வேண்டும். அடிவரை அமுக்குவதுதான் முழு த்ராட்டில், அந்தக் கலவைதான் மிக்சர். ஜெட் என்பது கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளை. எம்பிஎஃப்ஐ என்பது கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீச்சும் முறை, அதை ஆளும் கம்ப்யூட்டர்தான் ஈசியூ. பிக்கிபேக் ஈசியூவின் சிக்னலை நடுவில் மாற்றும் கூடுதல் பெட்டி, ரீமேப் ஈசியூவுக்குள் இருக்கும் எண்களையே மாற்றுவது.

எல்லா வழிக்கும் ஒரே பரீட்சையை வைத்துப் பார்க்கலாம். வண்டி மாருதி எஸ்டீம். இதைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதே 1298 சிசி கொள்ளளவில் கார்பரேட்டர் மாடலும் வந்தது (65 குதிரைசக்தி), எம்பிஎஃப்ஐ மாடலும் வந்தது (85 குதிரைசக்தி). நம் ஊர் ரேஸ், ராலி பட்டறைகளில் கை படாத எஸ்டீம் குறைவு. புகையிலிருந்து காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் மாட்டி முழு த்ராட்டிலில் ஓட்டினால் 5,500 ஆர்பிஎம்மில் 13.8 (ஒரு பங்கு பெட்ரோலுக்கு 13.8 பங்கு காற்று) காட்டுகிறது என்று வையுங்கள். நமக்கு வேண்டியது 12.8. 13.8-ஐ 12.8-ஆல் வகுத்தால் 1.08 வரும். அதாவது 8 சதவீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டும்.

இந்த 8 சதவீதத்தைக் கீழே சொல்லும் எந்த வழியிலும் கொண்டுவந்துவிடலாம். கொண்டுவரும்போது அது வேறு எங்கெல்லாம் சிந்துகிறது என்பதில்தான் வழிக்கு வழி வித்தியாசம்.

## 12.8 ஏன்?

பெட்ரோல் முழுசாக எரிய 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். இதை லாம்டா 1 என்பார்கள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பிடித்த விகிதம் அதுதான். சக்திக்குப் பிடித்தது வேறு. சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் ஒருநாளும் சீராகக் கலப்பதில்லை. உள்ளே வந்த ஆக்சிஜனில் ஒரு துளிகூட வீணாகாமல் இருக்க, பெட்ரோல் கொஞ்சம் மிஞ்சியே இருக்க வேண்டும். டர்போ இல்லாத இன்ஜினில் அந்த இடம் லாம்டா 0.85 முதல் 0.90 வரை, மீட்டரில் ஏறத்தாழ 12.5 முதல் 13.2 வரை.

ஒரு உண்மையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றமாக இருக்கக் கூடாது. சக்தி வளைவின் உச்சி கூரானது அல்ல, மொட்டை மாடி மாதிரி தட்டையானது. 13.8-இலிருந்து 12.8-க்கு வந்தால் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றோ இரண்டோ சதவீதம்தான். 85 குதிரையில் அது ஒரு குதிரை, கூடிப்போனால் இரண்டு. அப்புறம் எதற்கு இவ்வளவு பாடு? பிஸ்டனுக்காக. முழு லோடில் 13.8 என்பது புகைச் சூடும் நாக்கிங்கும் (மிக்சர் தானாக வெடித்து இன்ஜின் தட்டுவது) சேர்ந்து ஏறுகிற இடம். அரை நிமிடம் தாங்கும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் மதிய வெயிலில் சுற்றுக்குச் சுற்று முழு த்ராட்டில் கொடுத்தால் தாங்குமா என்பது வேறு கதை. மிக்சர் சரியான இடத்துக்கு வந்த பிறகு இக்னிஷனை, அதாவது பிளக் தீப்பொறி விடும் நேரத்தை, ஒன்றிரண்டு டிகிரி முன்னே தள்ள முடியும். சக்தி அதில்தான் கிடைக்கும்.

பம்புகளில் இப்போது வரும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும், அதனால் இ20-க்கு முழு எரிப்பு விகிதம் 14.7 இல்லை, சுமார் 13.5. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு ஜெட் போட்ட பழைய கார்பரேட்டர் வண்டி, யாரும் ஒரு திருகாணியைத் தொடாமலேயே 8 சதவீதம் லீன் (பெட்ரோல் குறைவு) ஆகியிருக்கும். நம் உதாரணத்தின் 13.8 வானத்திலிருந்து குதித்ததில்லை.

மீட்டரைப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம். வைட்பேண்ட் சென்சார் அளப்பது லாம்டாவைத்தான். மீட்டர் அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. பெட்ரோல் அமைப்பில் இருக்கும் மீட்டரில் இ20 ஊற்றினாலும் இலக்கு அதே 12.8-தான். "இ20-க்கு 11.8 வைக்கணும்" என்று யாராவது சொன்னால் அவர் ஒரே கணக்கை இரண்டு தடவை போட்டுவிட்டார் என்று அர்த்தம். மீட்டரை லாம்டாவுக்கே மாற்றி வைத்துக்கொள்வது நிம்மதி. 0.94 இருக்கிறது, 0.87 வேண்டும், அவ்வளவுதான்.

## கை வைப்பதற்கு முன்

8 சதவீதம் குறைகிறது என்றால் ஏன் குறைகிறது என்று முதலில் பாருங்கள். ஃப்யூவல் ஃபில்டர் அடைத்திருக்கலாம், பம்ப் கிழடாகியிருக்கலாம், இன்ஜெக்டர் பாதி மூடியிருக்கலாம். கண்டுபிடிக்க ஒரு எளிய குறிப்பு: மேனிஃபோல்டில் காற்றுக் கசிவு இருந்தால் ஐடிலில்தான் லீன் காட்டும், முழு த்ராட்டிலில் அநேகமாகத் தெரியாது. அந்த நேரத்தில் மேனிஃபோல்டில் வெற்றிடமே இல்லையே, எதை இழுக்கும்? பெட்ரோல் சப்ளைக் குறை இதற்கு நேர் எதிர். ஐடிலில் சாதுவாக இருக்கும், ஆர்பிஎம் ஏற ஏற லீன் ஆகிக்கொண்டே போகும். மீட்டர் கோடு 4,000-இல் 12.9, 5,000-இல் 13.4, 6,000-இல் 14.2 என்று ஏறினால் ட்யூனரைத் தேடாதீர்கள், ஃபில்டரை மாற்றுங்கள்.

சென்சாருக்கு முன்னால் சைலன்சர் பைப்பில் ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து பொய்யாக லீன் காட்டும். அதை நம்பிப் பெட்ரோலை ஏற்றினவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் ஒரு தடவை நானும் நின்றிருக்கிறேன்.

அளக்கும் கருவி விஷயத்தில் பேரம் பேச இடமில்லை. காரோடு வரும் சாதாரண ஆக்சிஜன் சென்சார் லாம்டா 1-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் சொல்லும். 0.94-ம் 0.80-ம் அதற்கு ஒன்றுதான், இரண்டுக்கும் 0.8, 0.9 வோல்ட் என்று ரிச் (பெட்ரோல் அதிகம்) பக்கம் சாய்ந்து கிடக்கும். பிளக் நிறம் பார்ப்பது பழைய கலை. "காப்பிப்பொடி நிறம் வந்தா சரி தம்பி, வெள்ளையா இருந்தா பெட்ரோல் பத்தல" என்று சொல்லிக்கொடுத்த அண்ணன்களின் கண் பெரிது. ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் அது நன்றாகவே வேலை செய்தது. இன்றைய பெட்ரோலில் பிளக் எளிதில் நிறம் பிடிப்பதில்லை. புது பிளக் போட்டு, முழு த்ராட்டிலில் ஓட்டி, அப்படியே கிளட்சை மிதித்து இன்ஜினை அணைத்துக் கழற்றிப் பார்த்தால் ஓரளவு தெரியும். நாக்கிங் தடயம் தெரிகிறதா என்று பார்க்க மட்டும் இன்றும் பிளக்கைவிட நல்ல சாட்சி இல்லை: பீங்கானில் மிளகுத்தூள் தூவின மாதிரி கரும்புள்ளி, கூடவே மினுங்கும் அலுமினியத் துகள்.

பாஷ் எல்எஸ்யூ 4.9 வகை சென்சாரோடு ஒரு வைட்பேண்ட் செட் வாங்குங்கள், அல்லது டைனோ (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தியை அளக்கும் மேடை) உள்ள இடத்தில் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுங்கள். இது இல்லாமல் கீழே உள்ள எதையும் தொட வேண்டாம். ஓட்டிப் பார்ப்பதும் டிராக்கில், இல்லாவிட்டால் டைனோவில். பைபாஸ் ரோடு அதற்கான இடமில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு கேள்விகள்தான். கூடுதல் பெட்ரோல் முழு த்ராட்டிலில் மட்டும் சேர்கிறதா, அல்லது ஐடில், சாதாரண ஓட்டம் எல்லாவற்றிலும் கொட்டுகிறதா? பெட்ரோலை மாற்றப்போய் இக்னிஷன் டைமிங்கும் நமக்குத் தெரியாமல் நகர்கிறதா? வெயில், மழை, மலை, பெட்ரோல் வகை மாறினால் தானாகச் சரிசெய்துகொள்ளுமா? கடைசியாக, ரசீதில் வராத செலவு என்ன?

| வழி | 8 சதவீதம் எங்கே சேர்கிறது | டைமிங் | மலை, வெயில் | ரசீதில் வராத செலவு |
|---|---|---|---|---|
| மெயின் ஜெட் | இரட்டை பேரலில் ஓரளவு பிரிக்கலாம் | நகராது | சமாளிக்காது | திரும்பத் திரும்பக் கழற்றும் நேரம் |
| ஃப்யூவல் பிரஷர் | எல்லா இடத்திலும் | நகராது | ஈசியூ பார்த்துக்கொள்ளும் | பம்ப், ஈசியூவின் ட்ரிம் (அது தானே செய்யும் திருத்தம்) |
| பிக்கிபேக் | வேண்டிய இடத்தில் | வகையைப் பொறுத்தது | ஈசியூ பார்த்துக்கொள்ளும் | வயர் இணைப்புகள் |
| ரீமேப் | வேண்டிய இடத்தில் | நாம் சொன்னபடி | ஈசியூ பார்த்துக்கொள்ளும் | வாரன்டி, அடுத்த சர்வீஸ் அப்டேட் |
| தனி ஈசியூ | வேண்டிய இடத்தில் | நாம் சொன்னபடி | சொல்லிக்கொடுத்தால் மட்டும் | மாதக்கணக்கில் நேரம் |

## மெயின் ஜெட் மாற்றுவது

கார்பரேட்டர் வண்டிக்கு வேறு வழி யோசிக்கவே வேண்டியதில்லை. பல கார்பரேட்டர்களில் ஜெட் எண் என்பது துளையின் விட்டம், நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில். 115 என்றால் 1.15 மி.மீ. பெட்ரோல் போவது விட்டத்தின் அளவில் இல்லை, பரப்பின் அளவில். 115-ஐ 120 ஆக்கினால் விட்டம் 4 சதவீதம்தான் கூடுகிறது, பரப்போ ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. நம் 8 சதவீதத்துக்கு இது கிட்டத்தட்ட ஒரே படி. "பெருசா போடுவோம், நல்லா இழுக்கும்" என்று 130-க்குத் தாவினால் 28 சதவீதம் கூடும். பிளக் கறுத்து, பெட்ரோல் ஆயிலில் இறங்கி, சிலிண்டர் சுவரைக் கழுவிவிடும்.

இரட்டை பேரல் (இரண்டு காற்றுக்குழாய்) கார்பரேட்டர் இருந்தால் அதில் ஒரு வசதி. முதல் பேரல் சாதாரண ஓட்டத்துக்கு, இரண்டாவது பேரல் காலை நன்றாக அமுக்கினால் திறப்பது. சைலன்சர், ஏர் ஃபில்டர் மாற்றியதால்தான் மேலே லீன் ஆனது என்றால் இரண்டாவது பேரலின் ஜெட்டை மட்டும் ஏற்றிப் பாருங்கள். மைலேஜ் கெடாது. அந்த ஒரு பேரலே இரண்டுக்கும் சேர்த்து ஈடுகட்ட வேண்டியிருப்பதால் 8-க்கு மேல் கொஞ்சம் ஏற்ற வேண்டிவரும். இ20-தான் காரணம் என்றால் கதை வேறு. லீன் ஆனது எல்லா இடத்திலும், ஆகவே இரண்டு பேரலையும் பார்க்க வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ், டயாஃப்ரம், கேஸ்கெட் எல்லாம் எத்தனாலைத் தாங்குமா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

மெயின் ஜெட் சரியாக இருந்தும் 5,000-க்கு மேல் மட்டும் லீன் ஆனால் பெட்ரோலோடு காற்றைக் கலக்கும் துளையான ஏர் கரெக்டர் ஜெட்டைச் சின்னதாக்க வேண்டும். மெயின் ஜெட் மொத்தக் கோட்டையும் தூக்கும், ஏர் கரெக்டர் கோட்டின் வால்பகுதியைத் தூக்கும். பட்டறையில் பலர் இதைத் தொடுவதே இல்லை. கேட்டு வாங்குங்கள்.

சின்ன ட்ரில் பிட்டால் ஜெட்டைப் பெரிதாக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வேண்டாம். துளையின் அளவு மட்டுமல்ல, நுழைவாயின் சரிவும் உள்சுவரின் வழுவழுப்பும்கூட ஓட்டத்தைத் தீர்மானிக்கும். துளைத்த ஜெட்டில் என்ன எண் எழுதியிருந்தாலும் அதற்கு அர்த்தம் போய்விட்டது.

இந்த வழியின் பெரிய குறை மலை. மேட்டுப்பாளையத்தில் அச்சடித்த மாதிரி இருந்த மிக்சர், 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் ஏறத்தாழ 10 சதவீதம் ரிச் ஆகிவிடும். காற்று மெலிந்தது கார்பரேட்டருக்கு முழுசாக உறைப்பதில்லை. மலையேற்றப் பந்தயக்காரர்கள் பெட்டி நிறைய ஜெட் வைத்திருப்பது இதனால்தான். நீங்கள் சமவெளியில் ஓட்டுகிறவர், எப்போதாவது மலைக்குப் போகிறவர் என்றால் கவலை வேண்டாம். ரிச் ஆவது இழுவையைக் குறைக்கும், இன்ஜினைக் கொல்லாது. ஆபத்து தலைகீழாகச் செய்வதில்தான்: ஊட்டியில் ஜெட் போட்டு அப்படியே சமவெளிக்கு இறங்கி முழு த்ராட்டில் கொடுப்பது.

செலவு சில நூறு ரூபாய். நேரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கும் எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

## ஃப்யூவல் பிரஷரை ஏற்றுவது

எம்பிஎஃப்ஐ வண்டிக்கு ஜெட் மாற்றுவதற்கு நிகரானது இது. இன்ஜெக்டர் வழியாகப் போகும் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தம் 3 பார் இருப்பதை 3.5 ஆக்கினால் அழுத்தம் 17 சதவீதம் கூடுகிறது, பெட்ரோல் 8 சதவீதம் கூடுகிறது. நமக்கு வேண்டிய அதே எண். ஒரு அட்ஜஸ்டபிள் ரெகுலேட்டர், ஒரு கேஜ், ஒரு ஸ்பேனர், வேலை முடிந்தது.

முடிந்ததா? மெதுவான ஓட்டத்தில் ஈசியூ ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டுகிறது. "என்ன இது, 8 சதவீதம் அதிகமாக வருகிறதே" என்று அது குறைத்துக்கொள்ளும். அதுவரை நல்லதுதான், மைலேஜ் தப்பியது. ஆனால் இந்தக் குறைப்பைப் பல ஈசியூக்கள் நீண்டகால ட்ரிம்மாக மனப்பாடம் செய்துகொண்டு முழு த்ராட்டிலிலும் கழித்துவிடும். திங்கட்கிழமை டைனோவில் வந்த 12.8, வெள்ளிக்கிழமை 13.8-க்கே திரும்பியிருக்கும். உங்கள் ஈசியூ அந்த ரகமா என்று தெரிந்துகொள்ள, ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பார்ப்பதுதான் ஒரே வழி. ஓபிடி (ஸ்கேனர் சொருகும் வசதி) உள்ள கார் என்றால் நீண்டகால ட்ரிம் மைனஸ் 8-க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறதா என்று ஸ்கேனரில் பார்க்கலாம்.

இரண்டாவது கண்ணி பம்ப். அழுத்தம் ஏற ஏற பம்ப் தள்ளும் அளவு குறையும். எனக்குத் தெரிந்த ஒரு வண்டியில் பழைய பம்பை வைத்துக்கொண்டு 4 பார் வரை ஏற்றியிருந்தார்கள். ஐடிலில் கேஜ் அழகாக 4 காட்டியது. 6,000-இல் அது 2.5-க்கு விழுந்ததைப் பார்க்கத்தான் பானெட்டுக்குள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. மூன்றாவது பிஸ்டனில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை விழுந்த பிறகுதான் தெரிந்தது. அழுத்தத்தை ஏற்றுவது என்றால் கேஜை முழு லோடில் பார்க்க வழி இருக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டினாலும் சரிதான்.

டேங்குக்குள்ளேயே ரெகுலேட்டர் இருக்கும், திரும்பும் லைன் இல்லாத புதிய கார்களில் இந்த வழி அநேகமாக அடைபட்டுவிட்டது. ரீமேப் செய்ய முடியாத பழைய எம்பிஎஃப்ஐ வண்டியில், நல்ல பம்போடு, டிராக்குக்கு மட்டும் என்றால் எடுத்துக்கொள்ளலாம். தினம் ஆபீஸ் போகிற வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

## பிக்கிபேக்

ஈசியூவுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உட்காரும் பெட்டி. வாங்கும்போது எல்லாரும் கேட்பது "எத்தனை குதிரை கூடும்?" கேட்க வேண்டியது "இது எதை ஏமாற்றுகிறது?"

ஒரு வகை சென்சாரின் சிக்னலை மாற்றும். காற்று 8 சதவீதம் அதிகம் வருகிறது என்று ஈசியூவிடம் பொய் சொல்லும், ஈசியூவும் நம்பிப் பெட்ரோலை ஏற்றும். சிக்கல் என்னவென்றால், ஈசியூ இக்னிஷன் டைமிங்கையும் அதே எண்ணை வைத்துத்தான் தேடுகிறது. லோடு கூடியிருக்கிறது என்று டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். பெட்ரோலில் சம்பாதித்தது டைமிங்கில் போய்விடும். இதற்கு எதிர்த்திசை இன்னும் மோசம். ரிச்சாக ஓடும் வண்டியை லீன் ஆக்க சிக்னலைக் குறைத்தால், ஈசியூ டைமிங்கை முன்னே தள்ளும். லீனும் முன்னேறிய டைமிங்கும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் நாக்கிங்தான். மேனிஃபோல்ட் அழுத்த சென்சார் உள்ள டர்போ இல்லாத வண்டியில் இன்னொரு வேடிக்கை: முழு த்ராட்டிலில் அந்த சென்சார் ஏற்கனவே உச்சியில் இருக்கும். அதற்கு மேல் போகும் பொய்யை ஈசியூ நம்பாமலும் போகலாம்.

இன்னொரு வகை இன்ஜெக்டர் வயரிலேயே உட்கார்ந்து, ஈசியூ மூடச் சொன்ன பிறகும் இன்ஜெக்டரை 8 சதவீத நேரம் கூடுதலாகத் திறந்து வைக்கும். டைமிங் தொடப்படாது. த்ராட்டில், ஆர்பிஎம் இரண்டையும் வைத்து முழு த்ராட்டில் வரிசையில் மட்டும் எண் போடலாம். நம் பரீட்சையில் சுத்தமாகத் தேறுவது இந்த வகை. பெங்களூரில் ரேஸ் டைனமிக்ஸ் தயாரிக்கும் பவர்டிரானிக் போல இக்னிஷனையும் சேர்த்துக் கையாளும் பெட்டிகளும் நம் சந்தையில் இருக்கின்றன.

இன்ஜெக்டருக்கு இடம் மிச்சமிருக்கிறதா என்பதை மட்டும் கணக்குப் போடுங்கள். 6,000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுழற்சிக்கு 20 மில்லிசெகண்ட்தான் இருக்கிறது. இன்ஜெக்டர் ஏற்கனவே 17 திறந்திருந்தால் அது 85 சதவீதம், வழக்கமாக அனுமதிக்கும் எல்லை. 8 சதவீதம் கூட்டினால் 18.4, அதாவது 92 சதவீதம். இந்த நிலையில் எந்தப் பெட்டியாலும் உதவி இல்லை, பெரிய இன்ஜெக்டர்தான் வேண்டும்.

ரசீதில் வராத செலவு வயர். வெட்டி முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, இன்ஜின் சூட்டிலும் மழையிலும் ஒரு வருடம் கழித்து விளையாட்டுக் காட்டும். வயரை வெட்டாமல் சொருகும் கப்ளர் டு கப்ளர் ஹார்னஸ் கிடைக்கிற பெட்டியை மட்டும் வாங்குங்கள். அப்படிக் கிடைத்தால் இந்த வழிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: வண்டியை விற்கும்போது கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

## ரீமேப்

காரின் சொந்த ஈசியூவுக்குள்ளேயே எண்களை மாற்றுவது. முழு லோடில் எந்த லாம்டா என்பதற்குத் தனி டேபிள் இருக்கிறது, டைமிங்குக்குத் தனி, முழு த்ராட்டில் அமுக்கி எத்தனை நொடி கழித்து ரிச் ஆக்கலாம் என்பதற்குத் தனி. மாசுக் கட்டுப்பாட்டுக்காகக் கம்பெனி அந்தத் தாமதத்தை வைத்திருக்கும். நல்ல ட்யூனர் முதலில் அங்கேதான் பார்ப்பார். கோல்ட் ஸ்டார்ட், ஏசி, ஐடில் எதுவும் கெடாது, ஏனென்றால் அவற்றைத் தொடவே இல்லை. மலை, வெயில் பற்றி கம்பெனி செய்த உழைப்பு முழுவதும் அப்படியே கூட வரும். இன்றைய காருக்கு இதைவிடச் சுத்தமான வழி இல்லை.

ஆனால் ரீமேப் என்ற பெயரில் விற்கப்படுவது இரண்டு வேறு சரக்கு. ஒன்று, லேப்டாப்பில் தயாராக இருக்கும் பொது ஃபைலை அரை மணியில் ஏற்றி அனுப்புவது. மற்றது, உங்கள் காரை டைனோவில் கட்டி, லாம்டா, நாக்கிங், காற்றுச் சூடு எல்லாம் லாக் செய்து, நான்கைந்து தடவை திருத்துவது. முதல் வகையில் உங்கள் காரின் அடைத்த ஃபில்டரும் சோர்ந்த பம்பும் ஃபைல் எழுதியவருக்குத் தெரியாது. காசு கொடுப்பதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள்: ஒரிஜினல் ஃபைலைப் படித்து எனக்கு ஒரு பிரதி தருவீர்களா? வேலைக்கு முன்னும் பின்னும் முழு த்ராட்டில் லாம்டா லாக் காட்டுவீர்களா? இ20-இல் டெஸ்ட் செய்தீர்களா, அல்லது 100 ஆக்டேன் ஊற்றியா? மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் வேறு இடம் பாருங்கள்.

சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் உங்கள் மேப் அழிந்துவிடும். மறுபடி எழுதப்பட்டதைப் பல ஈசியூக்கள் எண்ணி வைத்துக்கொள்ளும், அதனால் வாரன்டி போகும். வாகனத்தின் பதிவு விவரங்களிலிருந்து மாறும் மாற்றங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனியும் விபத்துக்குப் பிறகு கேள்வி கேட்கலாம். புகைப் பரிசோதனை முழு த்ராட்டிலில் நடப்பதில்லை என்பதால் இந்த 8 சதவீதம் அங்கே தெரியாது. ஆனால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றியிருந்தால் அது தனிக் குற்றம், அதை மிக்சரோடு சேர்த்துப் பேச வேண்டாம்.

நம் எஸ்டீம் காலத்து ஈசியூவுக்கு லேப்டாப் சொருகி மேப் எழுதும் வசதி கிடையாது. அதனால் இந்த வழி அதற்குப் பொருந்தாது. வாரன்டி முடிந்த, பத்துப் பதினைந்து ஆண்டுக்குள்ளான காருக்கு இதுதான் என் முதல் பரிந்துரை.

## தனி ஈசியூ

கம்பெனி ஈசியூவுக்குப் பதிலாக வேறு ஈசியூவையே போடுவது. மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ போல நீங்களே சேர்த்துக்கட்டும் ரகத்திலிருந்து ஹால்டெக், மோட்டெக் வரை இருக்கிறது. பரீட்சைக் கேள்விக்கு இதில் விடை அழகானது: பெட்ரோல் டேபிளின் கட்டத்தில் இருக்கும் பழைய எண்ணை, அளந்த லாம்டாவை இலக்கு லாம்டாவால் வகுத்து வரும் விடையால் பெருக்கு. அந்தக் கட்டத்தில் 80 இருந்தால் 80 பெருக்கல் 1.08, அதாவது 86.4. என்டர் தட்டினால் தீர்ந்தது.

தீராதது மற்றது. 16-க்கு 16 டேபிளில் 256 கட்டங்கள். முழு த்ராட்டில் என்பது அதில் மேல் வரிசை, 16 கட்டம். டைனோவில் ஒரு மதியத்தில் அதை முடித்துவிடலாம். மிச்சம் 240 கட்டத்தில்தான் ஐடில், டிராஃபிக், ஏசி போட்டால் அணையாமல் இருப்பது, மார்கழிக் காலையில் ஒரே கிராங்கில் பிடிப்பது எல்லாம் இருக்கிறது. கம்பெனி பல நூறு மணி நேரம் செலவழித்துச் செய்ததை நீங்கள் வார இறுதிகளில் செய்ய வேண்டும். டைனோவில் ராஜாவாக இருந்துவிட்டு, பெட்ரோல் பம்பில் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது இருமுகிற வண்டிகள் எத்தனையோ.

அப்படியிருந்தும் ஒரு இடத்தில் இதற்கு நிகர் எதுவும் இல்லை. வைட்பேண்டை ஈசியூவோடு இணைத்து, முழு த்ராட்டிலில் லாம்டா 0.95-ஐத் தாண்டினால் உடனே இன்ஜினை வெட்டிவிடு என்று எழுதி வைக்கலாம். மேலே சொன்ன மூன்றாவது பிஸ்டன் இந்த ஒரு வரியால் பிழைத்திருக்கும். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் மாதம் ஒரு முறை ஓட்டுகிற, வேறு கேம், தனித்தனி த்ராட்டில் பாடி, பெரிய இன்ஜெக்டர் எல்லாம் போட்ட வண்டிக்கு இதைத் தவிர வேறு யோசிக்க வேண்டாம். ஸ்டாக் இன்ஜினுக்கு 8 சதவீதப் பெட்ரோல் வேண்டும் என்பதற்காக இதை வாங்குவது, கொசு அடிக்கக் கடப்பாரை எடுப்பது மாதிரி.

## டர்போ வைத்திருப்பவர்களுக்கு

மேலே சொன்ன 12.8 உங்களுக்கு இல்லை. டர்போ பெட்ரோல் இன்ஜினை முழு பூஸ்டில் ட்யூன் செய்பவர்கள் வழக்கமாக வைப்பது லாம்டா 0.78 முதல் 0.82 வரை, அதாவது மீட்டரில் 11.5 முதல் 12 வரை. அந்தக் கூடுதல் பெட்ரோல் எரிவதற்காக அல்ல, ஆவியாகிச் சூட்டை உறிஞ்சுவதற்காக. பூஸ்ட் சிக்னலை மட்டும் ஏமாற்றும் சின்னப் பெட்டிகள் காற்றை ஏற்றிவிட்டு, மிக்சரை ஈசியூவின் தலையில் கட்டிவிடும். நேரடி இன்ஜெக்ஷன் இருந்தால் பெட்ரோல் ரெயிலில் நூறு பாருக்கு மேல் ஓடுகிறது. ரெகுலேட்டர், ஜெட் பேச்செல்லாம் அங்கே செல்லாது. டைனோவில், உங்கள் காருக்கென்றே செய்யும் ரீமேப் ஒன்றுதான் இருக்கிறது. அப்போதும் லாக்கில் லாம்டாவோடு ரெயில் அழுத்தமும் இருக்க வேண்டும். கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் மேல் ஆர்பிஎம்மில் பிரிந்து போகின்றன என்றால் பம்ப் தோற்றுவிட்டது. அந்த மேப்பை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள்.